அத்தியாயம் 6: நான்காம் வரியில் தடுமாறும் கை

சொல்லச் சொன்னால் மடமடவென்று சொல்லிவிடுகிற குழந்தை, அதையே எழுதச் சொன்னால் பென்சில் சீவுவதிலும், ரப்பர் தேடுவதிலும், தண்ணீர் குடிக்க எழுந்து போவதிலுமாக அரை மணி நேரத்தைக் கழித்துவிட்டு, முடிவில் ஒன்றரை வரியைக் கோணல்மாணலாக எழுதிக் காட்டுவதைப் பார்த்து மனம் சோராத பெற்றோர் இல்லை. ஏ.டி.ஹெச்.டி. என்று வைத்தியர்கள் வழங்கும் கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த குறைபாடு உள்ள குழந்தைகளின் வீடுகளில், இது அநேகமாக நாள்தோறும் மாலையில் நடைபெறுகிற காரியம். ‘வாய் நீளுகிற அளவுக்குக் கை நீளவில்லையே!’ என்று சலித்துக்கொள்கிற தாயாரும், ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்று முடிவு கட்டிவிடுகிற தந்தையாரும், ‘கோழிக் கிறுக்கல், அக்கறை போதாது’ என்று சிவப்பு மையால் டைரியில் குறிப்பு எழுதி அனுப்புகிற ஆசிரியரும் ஒரே அனுமானத்தைக் கொண்டிருக்கிறார்கள்: எழுத முடிந்தும் குழந்தை எழுத மறுக்கிறது என்பதே அது. அந்த அனுமானம் பெரும்பாலும் பிழையானது என்பதையும், அதைக் கைவிட்டபின் செய்யத்தக்க காரியங்கள் எவை என்பதையும் இந்த அத்தியாயத்தில் காண்போம்.

இந்தக் குறைபாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1902ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் சபையில் சொற்பொழிவு நிகழ்த்திய ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர், அறிவில் குறையேதும் இல்லாதிருந்தும் ஓரிடத்தில் நிலைகொள்ளாத குழந்தைகளைப் பற்றி விவரமாகப் பேசியிருக்கிறார். ஆனால் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் நேர்ந்த ஒரு குறையாகவே அவர் கருதினார். கவனத்தை நிறுத்துவதும், உந்துதலை அடக்குவதும், செய்ய வேண்டியதை வரிசைக்கிரமமாக மனத்தில் வைத்துக்கொள்வதுமாகிய வேலைகளை நடத்துகிற மூளையின் வளர்ச்சியில் உள்ள வித்தியாசம் இது என்பதும், பரம்பரைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதும் பிற்பாடு தெளிவாயின. வைத்திய உலகம் கைவிட்ட அந்தப் பழைய எண்ணத்தை நம் வீடுகளும் பள்ளிக்கூடங்களும் இன்னும் கைவிடாமலிருப்பது வருந்தத்தக்கது. குறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றி, 6 மாத காலமாவது நீடித்து, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது காணப்பட்டால்தான் இந்தக் குறைபாட்டை நிச்சயிக்கிறார்கள். துள்ளித் திரிகிற பையன்களிடத்தில் மட்டுமே இது இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. வகுப்பில் ஜன்னலைப் பார்த்தபடி சத்தமின்றி உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையிடமும் இது இருக்கக்கூடும். தொந்தரவு தராத காரணத்தாலேயே அவள் ஒருவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறாள்.

எழுதுவது இத்தகைய குழந்தைக்கு ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது? சைக்கிள் விடப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் கைப்பிடியையும் மிதிகட்டையையும் பாதையையும் ஒருங்கே கவனிக்க வேண்டியிருப்பதால் பக்கத்தில் வருகிறவரோடு பேச மாட்டான். பழகிவிட்ட பிறகோ ஊர்க்கதை முழுவதும் பேசிக்கொண்டே போவான். மற்றக் குழந்தைகளுக்கு மூன்றாம் நான்காம் வகுப்புக்குள் எழுத்தின் வடிவம் பெரும்பாலும் கைக்குப் பழகிப்போய், மனம் விஷயத்தை நினைக்க விடுதலை பெறுகிறது. கவனக்குறைவுள்ள குழந்தைக்கு அந்தப் பழக்கம் படிவதற்கு அதிக காலம் பிடிக்கிறது. ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் நினைத்து நினைத்து எழுதுகிற அந்தக் கையானது, விடையை நினைப்பதற்கென்று மனத்தில் இருந்த கொஞ்சம் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உடலசைவுகளை ஒழுங்குபடுத்துவதிலும் தனியே ஒரு சிரமம் இருப்பதாகச் சொல்லுகிறார்கள்; சட்டைப் பொத்தான் போடவும், செருப்பு வாரை மாட்டவும், பந்தைப் பிடிக்கவும் திணறுகிற குழந்தையானால் அந்தச் சந்தேகம் வலுப்படும்.

ஆதலால் முதற்காரியமாகக் குழந்தையைக் கண்டிப்பதை நிறுத்தி, அதன் நோட்டைப் படிக்க வேண்டும். பிழை திருத்துகிற கண்ணோடு படிக்கலாகாது. வைத்தியர் நாடி பார்க்கிற சிரத்தையோடு, ஒரு பக்கத்தை எடுத்து, எந்த வரியில் எழுத்து உடைகிறது என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டு வரிகள் கோட்டுக்குள் அடங்கி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, ஓரளவு நன்றாக இருந்து, மூன்றாம் வரியில் எழுத்துப் பருத்து, நான்காம் வரியில் கோட்டை விட்டு இறங்கி, ஐந்தாவதில் சொற்களே விழுங்கப்பட்டிருக்குமானால், அந்தக் குழந்தைக்கு எழுதத் தெரியும். நீடித்து எழுதுவதுதான் முடியவில்லை. அவ்வாறன்றி, முதல் வரியின் முதற் சொல்லே சிதைந்திருந்தால், அல்லது காகிதத்தின் மறுபுறம் தடவிப் பார்க்கும்போது தழும்புபோல் மேடு தட்டும்படி அழுத்தி எழுதியிருந்தால், கோளாறு கையின் இயக்கத்தில் இருக்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதிய பக்கம் மட்டும் மோசமாகவும், வீட்டில் எழுதியது தேவலையாகவும் இருந்தால் முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். ஒரே நோட்டு இத்தனை சங்கதிகளையும் சொல்லிவிடும். ஆகையால் பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாமல், தேதி குறித்துப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு விசேஷத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ‘தோட்டத்தில் கொய்யா மரம் இருக்கிறது’ என்று சொல்லி எழுதச் சொன்னால், இத்தகைய குழந்தை, ‘தாட்டததில காய்யா மரம இருககிறது’ என்று எழுதிவிடும். மேலெழுந்தவாரியாகப் பார்க்கிறவருக்கு இது மடமையாகத் தோன்றும். நிதானித்துப் பார்த்தாலோ எழுத்துக்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன, கொம்புகளும் புள்ளிகளுமே காணாமற் போயிருக்கின்றன என்பது விளங்கும். ‘கொ’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ‘க்’; கையில் முதலில் வர வேண்டியதோ கொம்பு. உந்துதலை அடக்கத் தெரியாத கை, காதில் விழுந்த ஒலியைப் பின்பற்றி ‘க’ என்று எழுதிவிடுகிறது. எழுதிய பிறகு கொம்பு ஞாபகத்துக்கு வந்தாலும் முன்னால் இடம் இல்லை. ஆகவே பின்னால் காலை மட்டும் இழுத்துவிட்டு மேலே செல்கிறது. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்னும் ஆறு உயிர்களும் ஏறிய உயிர்மெய்கள் யாவற்றிலும் இப்படி ஒரு குறி முன்னே நிற்பதால், 216 உயிர்மெய்களில் 108, அதாவது சரிபாதி, எழுத்து ஒலிக்கு முந்திக்கொள்ளும் இந்த நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டவை. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை முதலான 13 எழுத்துக்களின் வடிவத்தை ஒழுங்குபடுத்திக் குழந்தைகளுக்குப் பேருபகாரம் செய்தது உண்மையே. கொம்பு முன்னிற்கும் வழக்கத்தை அது தொடவில்லை. புள்ளியின் கதையோ வேறு. எழுத்தை முடித்துவிட்ட கை மறுபடியும் மேலே திரும்பி வந்து புள்ளி வைக்க வேண்டும். முடிந்துபோன காரியத்துக்குத் திரும்பி வருவதைப்போல் இக்குழந்தைகளுக்கு அருவருப்பான வேலை வேறொன்றில்லை.

இதற்குப் பரிகாரம் நம் பழைய வாத்தியார்களிடமே இருக்கிறது. எழுத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லி வாய்விட்டு உரைத்துக்கொண்டே எழுதுவிப்பது அவர்கள் வழக்கம். ‘கொய்யா’ என்பதை எழுதும்போது, ‘ஒற்றைக்கொம்பு, க, கால், ய புள்ளி, ய, கால்’ என்று தாயாரும் குழந்தையும் சேர்ந்து சொல்ல வேண்டும். ‘தோ’ என்றால் ‘இரட்டைக்கொம்பு, த, கால்’; ‘தை’ என்றால் ‘இணைக்கொம்பு, த’. வாய் ஒலிக்கும் சொற்கள் கைக்கு முன்னே சென்று வழி காட்டுவதால், கை முந்திக்கொள்ளும் உந்துதல் சற்றே தடைப்படுகிறது. சில வாரங்களில் குழந்தை முணுமுணுக்கத் தொடங்கும். பின்னர் மனத்துக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும். புள்ளிக்கோ ஒரு தனி யுக்தி வேண்டும்: எழுதும்போது புள்ளியை நினைவூட்டாதீர்கள். வாக்கியம் முடிந்ததும், ‘இந்த வரியில் எத்தனை புள்ளி விட்டுப்போயிருக்கிறது, கண்டுபிடி கண்ணா’ என்று கேட்டு, வேறு நிறப் பென்சிலைக் கையில் கொடுங்கள். அன்றைக்குப் புள்ளியை மட்டுமே பார்க்க வேண்டும். கோணலையும் இடைவெளியையும் பற்றி ஒரு வார்த்தையும் பேசலாகாது. ஒரே சமயத்தில் நான்கு குற்றங்களைச் சொல்லிக் காட்டினால் இக்குழந்தை ஒன்றையும் திருத்திக்கொள்ளாது.

பயிற்சி எவ்வளவு நேரம் என்று பலரும் கேட்கிறார்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம் போதும். முடியுமானால் இரண்டு வேளை. ஞாயிற்றுக்கிழமையன்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்து வாரத்தின் பாக்கியைத் தீர்த்துவிடலாம் என்று நினைப்பது வீண். ஆனால் நாட்கணக்கில் பொறுமை வேண்டும். கையெழுத்துப் பயிற்சிகள் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்துக் கனடாவில் 2011ஆம் ஆண்டு வெளியான கட்டுரை ஒன்று, 20 அமர்வுகளுக்குக் குறைந்த பயிற்சியும், எழுதுவதைச் சேர்க்காத பயிற்சியும் பலன் தரவில்லை என்று காட்டியிருக்கிறது. இதைப் பெற்றோர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவதும், மொச்சை உரிப்பதும், பூத் தொடுப்பதும், பல்லாங்குழியில் சோழிகளை உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்கு ஒவ்வொன்றாக நகர்த்தி இடுவதும் விரல்களுக்கு நல்ல வேலைகளே. குழந்தைக்குச் சந்தோஷமும் தருவன. எனினும் அவற்றை மட்டும் செய்துவிட்டு எழுத்து தானாகத் திருந்தும் என்று காத்திருத்தல் கூடாது. எழுத்து, எழுதுவதால்தான் வரும்.

எழுத்துக்களை அகரவரிசையில் பழக்காமல், கை அசையும் விதத்தை ஒட்டிக் குழுவாகப் பழக்குவது உத்தமம். நேர்கோடுகளால் அமைந்த ட, ப, ர முதலியன முன்னே. வளைவுள்ள ம, ய, ச, வ, ல அடுத்து. சுழிகள் மிகுந்த ன, ண, ள, ழ கடைசியில். ஒரு தட்டில் மணலையோ ரவையையோ பரப்பி, விரலால் பெரிதாக எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு நோட்டுக்கு வரலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்து மணலெழுத்தில் விரலுக்குக் கிடைத்த அந்த உராய்வு, வடிவத்தைக் கைக்கு உணர்த்துவதற்குச் சிறந்த சாதனம். நோட்டில் எழுதும்போது கட்டம் போட்ட கணக்கு நோட்டைத் தமிழுக்கும் உபயோகப்படுத்தலாம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் ஒரு வெற்றுக் கட்டம் என்று வைத்துக்கொண்டால் இடைவெளி விடுவதைத் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

உட்காருகிற விதத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பாதங்கள் தரையில் படிந்து, முழங்கை மேசை மட்டத்துக்கு இருந்தால் கை தளர்ந்து எழுதும். கால் எட்டாத நாற்காலியானால் அடியில் ஒரு மணைப்பலகையைப் போடுங்கள். தரையில் உட்கார்ந்து எழுதுகிற வீடுகளில், அந்நாளில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த சாய்வு மேசை இதற்கு மிகப் பொருத்தமானது. அது அகப்படாவிட்டால், ஒரு தடித்த பாக்ஸ் ஃபைலின் உயர்ந்த பக்கம் குழந்தைக்கு எதிர்ப்புறம் இருக்குமாறு வைத்து அதன்மேல் நோட்டை வைத்தாலும் போதும். எழுதாத கை காகிதத்தைப் பிடித்திருக்க வேண்டும். பென்சில் குட்டையாக இருந்தால் விரல்கள் தாமாகவே கூடிப் பிடிக்கும். மூன்று விரல் பிடிதான் சாஸ்திரோக்தம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். நான்கு விரலால் பிடித்து, வலியின்றி, படிக்கத்தக்கபடி எழுதுகிற குழந்தையின் பிடியை மாற்றுவதனால் ஒரு நன்மையும் இல்லை. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்றுவது அதனினும் பெருந்தவறு. வலக்கைக் குழந்தைக்கு நோட்டின் தலைப்பகுதி சற்றே இடப்புறம் சாய்ந்திருப்பதுபோல், இடக்கைக் குழந்தைக்கு வலப்புறம் சாய்ந்திருக்கட்டும்.

எழுத உட்காருமுன் குழந்தையின் உடம்புக்கு வேலை கொடுத்துவிடுவது நல்லது. ஒரு குடம் தண்ணீர் தூக்கி வரச் சொல்லலாம். சுவரில் கைகளை ஊன்றித் தள்ளச் சொல்லலாம். பிள்ளையாருக்குப் பத்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னாலும் சரியே, அது தண்டனையாக இல்லாதவரையில். ரப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். தவறான சொல்லின்மேல் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டு மேலே எழுதலாம் என்று அனுமதி கொடுத்தால், அழிப்பதிலும் அழித்த துகளை ஊதுவதிலும் கழிகிற நேரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஒரு வாரத்திலேயே காண்பீர்கள்.

கண்டிப்பாகச் செய்யக் கூடாதது ஒன்று உண்டு, அது இம்போசிஷன். ஒரு சொல்லை ஐம்பது தடவை எழுதச் சொல்லித் தண்டிக்கும்போது, களைத்துப்போன கை கெட்ட வடிவத்தையே நாற்பது தடவை பழகிக்கொள்கிறது. எழுதுவது என்றாலே தண்டனை என்ற எண்ணமும் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. எழுதிய பக்கத்தைக் கிழித்தெறிவதும், வகுப்பில் எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவதும், ‘உன் அக்கா எழுத்தைப் பார், முத்து முத்தாக இருக்கிறது’ என்று ஒப்பிடுவதும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமன்றிக் குழந்தையை மனத்தளவில் துன்புறுத்துவதையும் பள்ளிகளில் தடை செய்திருக்கிறது என்பதை ஆசிரியர்களுக்குப் பணிவுடன் நினைவூட்டலாம். முத்துப்போன்ற எழுத்து அழகானதுதான்; ஆனால் இக்குழந்தைகளுக்கு நாம் வைக்க வேண்டிய இலக்கு அதுவன்று. பிறரால் படிக்க முடிய வேண்டும், எழுதிய பிறகு குழந்தைக்குக் கை வலிக்காமல் இருக்க வேண்டும். இவ்விரண்டும் கைகூடினால் போதும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

விஷயத்தை நினைப்பதையும் அதை எழுதுவதையும் வேறு வேறு வேளைகளாகப் பிரித்துவிடுவது மிகுந்த அனுகூலம் தரும். ‘என் ஊர்’ என்று கட்டுரை எழுத வேண்டுமானால், முதலில் குழந்தை சொல்லட்டும். தந்தையார் எழுதிக்கொள்ளட்டும், அல்லது கைபேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். அதிலிருந்து ஐந்து வாக்கியங்களை மட்டும் குழந்தை தன் கையால் எழுதினால் போதும். இதைப் பள்ளி ஆசிரியரிடமும் பேசி வைக்க வேண்டும். பேசப் போகும்போது புகாராகப் போகாமல், தேதி குறித்து வைத்த பக்கங்களோடு சென்று, ‘மிஸ், முதல் மூன்று வரி நன்றாக இருக்கிறது, அப்புறம் கை சோர்ந்துவிடுகிறது, கேள்விகளைக் குறைக்க வேண்டாம், விடையின் நீளத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா?’ என்று கேளுங்கள். விடைக்கும் எழுத்துக்கும் தனித்தனியே மதிப்பெண் இடவும், முன் வரிசையில் இடம் தரவும் கேட்கலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது எல்லாவற்றிலும் கடினம். நிமிர்ந்து பார்த்து, பார்த்ததை நினைவில் ஏந்தி, குனிந்து, விட்ட இடத்தைத் தேடி எழுதுவதற்குள் ஏந்தி வந்தது சிந்திவிடுகிறது. அச்சிட்ட தாளோ, பக்கத்துப் பிள்ளையின் நோட்டின் நகலோ கிடைத்தால் அந்தப் பாடு தீரும்.

மருந்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை. மெத்தில்ஃபெனிடேட் முதலிய மருந்துகள் கவனத்தை நிலைநிறுத்த உதவுகின்றன. அதனால் சில குழந்தைகளின் எழுத்தும் திருந்துவது உண்டு. எழுதக் கற்றுக்கொடுக்கும் மருந்து ஏதும் இல்லை. பள்ளி வயதை எட்டாத சிறு குழந்தைகளுக்குப் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியே முதலில் வர வேண்டும். குழந்தை மனநல வைத்தியரின் யோசனையின்றி மருந்தைத் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

ஆறாம் வகுப்பை நெருங்கியும் எழுத்து கைவராவிட்டால் தட்டச்சைக் கற்றுக்கொடுக்கத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசு 1999ஆம் ஆண்டு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையில், ‘க’வையும் ‘ஒ’வையும் ஒலி வரும் வரிசையிலேயே தட்டினால் ‘கொ’ வந்துவிடும். ‘க’வை இருமுறை தட்டினால் ‘க்க’ என்று முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். கையால் எழுதும்போது குழந்தையை மிகவும் வருத்திய கொம்பும் புள்ளியுமாகிய இரண்டு தொல்லைகளும் இங்கே பெருமளவு நீங்கிவிடுகின்றன. இதனால் கையெழுத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்பதில்லை. கையொப்பம் இடவும், விண்ணப்பம் நிரப்பவும், பரீட்சை எழுதவும் அது வேண்டியிருக்கிறது.

பரீட்சை என்றதும் சலுகைகளின் விஷயம் வருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிக்கப்பட்ட 21 வகைகளில் ஏ.டி.ஹெச்.டி. தனியாக இடம்பெறவில்லை, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பில் டிஸ்கிராஃபியா என்னும் எழுதுதல் குறைபாடு இடம்பெற்றிருக்கிறது. ஆகையால் குழந்தைக்கு எழுதுவதில் உள்ள சிரமத்தைத் தனியே மதிப்பிடச் செய்து சான்றிதழ் பெற வேண்டும். சான்றிதழ் இருந்தால், தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் மூலமாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம், சி.பி.எஸ்.இ. தேர்வுகளில் மணிக்கு 20 நிமிஷம் வீதம் கூடுதல் நேரம் கிடைக்கும். 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் டி.இ.ஐ.சி. என்ற பெயரில் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டு வரும் மையங்கள் 18 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உரியவை. கற்றல் குறைபாடும் கவனக்குறைவும் அத்திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் உள்ளன. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டிலுள்ள நிப்மெட் என்னும் மத்திய அரசு நிறுவனத்தையும் அணுகலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அலைகிற பெற்றோர்கள் அநேகர். மதிப்பீட்டுக்கும் சான்றிதழுக்கும் அந்த அவகாசம் போதாது. மூன்றாம் வகுப்பிலேயே சந்தேகம் தோன்றினால் அப்போதே செல்லுங்கள். செல்லும்போது குழந்தையின் நோட்டுகளைத் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.